அற்ககோலிலை தொடங்கிற மாற்றல்கள்: ஏஎல் பிள்ளையள் கேக்கிற கேள்வியளும் என்ரை பதிலும்

கோண்டாவிலிலை எங்கடை வீட்டு விறாந்தையிலை பின்னேரத்திலை நாலஞ்சு பிள்ளையள் சேதன இரசாயனம் (காபன் சேர்வையளின்ரை இரசாயனம்) செய்ய வருவினம். முதல் என்ரை தங்கச்சிக்குத்தான் சொல்லிக் குடுத்தனான், பேந்து அவளின்ரை சிநேகிதப் பிள்ளையளும் வரத் தொடங்கிட்டினம். எல்லாரும் இடறி விழுற இடம் ஒண்டுதான். "எதனோலை மட்டும் சேதனத் தொடக்கப்பொருளா வச்சு, 7 படிக்கு மேற்படாம, தந்த பட்டியலிலை உள்ள இரசாயனப் பொருளை மட்டும் பாவிச்சு இதைத் தயாரி" எண்ட மாதிரிக் கேள்வி, இதைத்தான் மாற்றல் எண்டு சொல்லுறம். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வியளை இதிலை சேர்த்து எழுதியிருக்கிறன். வாசிக்கேக்கை பக்கத்திலை ஒரு கொப்பி வச்சு கட்டமைப்பைக் கீறிக்கொண்டே வாங்கோ, கண்ணாலை மட்டும் வாசிச்சா இது ஏறாது.

எல்லாத் தாக்கமும் பாடம், ஆனா கேள்வியைக் கண்டோண்ணை எங்கை தொடங்கிறதெண்டு தெரியேல்லை. என்ன செய்யிறது?

தொடக்கத்திலை தொடங்காதேங்கோ. முடிவிலை தொடங்குங்கோ. எதனோலைப் பாத்துக்கொண்டிருந்தா அதிலையிருந்து போற வழி ஒரு பத்து இருக்கும், அந்தப் பத்திலையும் ஒவ்வொண்டும் இன்னும் நாலா பிரியும், நீங்கள் காடு முழுக்க நடக்க வேண்டிவரும். விளைபொருளைப் பாத்தா "இது எதிலையிருந்து வந்திருக்கலாம்" எண்டதுக்கு ரெண்டு மூண்டு விடைதான் இருக்கும். இப்பிடிப் பின்பக்கமா யோசிக்கிறதை ஒரு ஒழுங்கான முறையாக்கினவர் கோரி எண்ட அமெரிக்க இரசாயனவியலாளர், அதுக்காக 1990இலை நோபல் பரிசு குடுத்தவை. பெரிய பெரிய மூலக்கூறு செய்யிற ஆக்களே பின்னாலையிருந்துதான் வருகினம்.

ஆனா அதுக்கும் முதல் ஒரு வேலை இருக்கு. காபனை எண்ணுங்கோ. தொடக்கத்திலை எத்தினை, முடிவிலை எத்தினை? ரெண்டும் ஒண்டெண்டா தொழிற்பாட்டுக் கூட்டத்தை (ஐதரொட்சில் மாதிரி, தாக்கம் நடக்கிற பகுதியை) மட்டும் மாத்தினாப் போதும். ஒண்டு கூடினா சயனைட்டை நினையுங்கோ. ரெண்டு ரெண்டாக் கூடினா எதனோல் ரெண்டு துண்டு எங்கையோ ஒட்டுப்படுது, அப்ப கிரினாட்டோ (மகனீசியம் சேர்ந்த காபன் சேர்வை), அல்டோலோ (ரெண்டு அல்டிகைட்டு ஒட்டுறது), எதைனோ (மும்மைப் பிணைப்பு உள்ளது) எண்டு பாருங்கோ. இந்த எண்ணிற வேலைக்கு 10 செக்கன்தான், ஆனா இதைச் செய்யாம அரை மணித்தியாலம் அலைஞ்ச பிள்ளையளை நான் கண்டிருக்கிறன்.

ஏன் எப்பவும் அற்ககோலிலையே தொடங்குகினம்?

அற்ககோல் ஒரு சந்தி, அதுதான் காரணம். மருதனார்மடம் சந்தியிலை நிண்டா நாலு பக்கமும் போகலாமெல்லோ, அப்பிடி. நீரகற்றினா அற்கீன். பொசுபரசு முப்புரோமைட்டு போட்டா அற்கைல் புரோமைட்டு. ஒட்சியேத்தினா அல்டிகைட்டு, கீற்றோன், காபொட்சிலிக்கமிலம். அமிலத்தோடை சேர்த்தா எசுத்தர். சோடியம் போட்டா அற்கொட்சைட்டு. இன்னொரு பக்கம், கிரினாட் தாக்கம் செய்தா கடைசியிலை வாறதும் அற்ககோல்தான், அப்ப திரும்பவும் சந்திக்கே வந்திட்டீங்கள், ஆனா இந்தமுறை காபன் கூடின அற்ககோலோடை. நீளமான தொடர் எல்லாம் இந்தச் சந்தியை ரெண்டு மூண்டு தரம் கடக்கிற தொடர்தான்.

இன்னொண்டு, எதனோல் எங்கடை ஊருக்குப் புதுச் சாமான் இல்லை. முட்டியிலை விழுற பனஞ்சாறை அப்பிடியே விட்டா மதுவம் சீனியை எதனோலாக்கி அது கள்ளாகும், இன்னும் விட்டா பக்ரீரியா அந்த எதனோலை எதனோயிக்கமிலமாக்கிப் புளிக்க வைக்கும். முட்டிக்குள்ளை சுண்ணாம்பு பூசினா அந்தத் தாக்கம் நடக்காது, இனிப்பான கருப்பநீர் கிடைக்கும். ஒட்சியேற்றம் எண்டதைப் பிள்ளையளுக்கு நான் முதல்லை இதிலைதான் சொல்லுறனான்.

முதல் அற்ககோலை (ஐதரொட்சில் இருக்கிற காபனோடை வேறை ஒரு காபன்தான் ஒட்டியிருக்கிறதை) ஒட்சியேத்தினா எப்ப அல்டிகைட்டு, எப்ப அமிலம்?

பிசிசி (பிரிடினியம் குளோரோகுரோமேற்று) போட்டா அல்டிகைட்டோடை நிக்கும். அமிலப்படுத்தின பொற்றாசியம் பரமங்கனேற்று அல்லது இருகுரோமேற்று போட்டா அமிலம் வரைக்கும் போயிடும். இதைப் பாடமாக்கிறது லேசு, ஏன் எண்டு விளங்கினா மறக்காது. அல்டிகைட்டு நீரோடை சேர்ந்து ஒரே காபனிலை ரெண்டு ஐதரொட்சில் உள்ள ஒரு பொருளாகும், அதைத்தான் ஒட்சியேத்திற சோதனைப்பொருள் திரும்பப் பிடிச்சு அமிலமாக்குது. பிசிசியைப் பாவிக்கிறது நீரில்லாத கரைப்பான் ஒண்டிலை, இருகுளோரோமெதேன் மாதிரி, ஆனபடியா அந்த ரெண்டாம் கட்டம் நடக்க வழியில்லை.

இருகுரோமேற்றாலையும் எதனல் எடுக்கலாம், உண்டாக உண்டாக வடிச்சு எடுத்தால். எதனல் கிட்டத்தட்ட 21 பாகையிலையே கொதிக்கும், எதனோல் 78, எதனோயிக்கமிலம் 118. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு எதனல் போத்தலுக்குள்ளை நிக்கவே கஸ்டப்படும். ஆனா பரீட்சையிலை பட்டியலிலை பிசிசி இருந்தா அதையே எழுதுங்கோ, வீணா வாதத்துக்கு இடம் குடுக்க வேண்டாம்.

வழி அற்ககோல் (அந்தக் காபனோடை ரெண்டு காபன் ஒட்டியிருக்கிறது) எண்டா எதைப் போட்டாலும் கீற்றோன்தான். புடை அற்ககோல் (மூண்டு காபன் ஒட்டியிருக்கிறது) இந்த நிலைமையளிலை ஒட்சியேறாது, அந்தக் காபனிலை கழற்ற ஐதரசன் இல்லை.

எதனோலுக்கு சோடியம் புரோமைட்டு போட்டா புரோமோஎதேன் வராதோ?

வராது. ஐதரொட்சைட்டு அயன் தானாக் கழண்டு போக விரும்பாத ஒரு கூட்டம். அமிலம் இருந்தாத்தான் அந்த ஒட்சிசனிலை ஒரு புரோத்தன் ஏறும், பிறகு அது நீராக் கழண்டு போகும், நீர் போறதுக்கு அவ்வளவு தயக்கமில்லை. அதாலைதான் ஐதரோபுரோமிக்கமிலம் வேலை செய்யுது, வெறும் உப்பு வேலை செய்யாது. பொசுபரசு முப்புரோமைட்டும் இதே வேலையை இன்னொரு விதமாச் செய்யுது, ஒட்சிசனைப் பொசுபரசோடை கட்டி கழண்டுபோகக் கூடிய கூட்டமாக்குது.

1-புரொப்பனோலை 2-புரொப்பனோல் ஆக்கச் சொல்லுகினம். காபன் ஒண்டும் கூடேல்லை, பிறகென்ன மாற்றம்?

ஐதரொட்சில் இடம் மாறுது. இடம் மாத்தோணுமெண்டா இரட்டைப் பிணைப்புக்குள்ளாலை போறதுதான் வழி. செறிந்த சல்பூரிக்கமிலத்தோடை சூடாக்கி புரொப்பீன், அதுக்கு ஐதான சல்பூரிக்கமிலத்தாலை நீர் கூட்ட மார்க்கோனிக்கோவ் விதிப்படி (ஐதரசன் கூட உள்ள காபனுக்கே புது ஐதரசனும் போகும்) ஐதரொட்சில் நடுக் காபனிலை போய் இருக்கும். ரெண்டு படி, முடிஞ்சுது.

மற்றப் பக்கமும் கேப்பினம், 2-புரொப்பனோலிலையிருந்து 1-புரொப்பனோல். அதுவும் புரொப்பீனுக்குள்ளாலைதான், ஆனா இப்ப ஐதரசன் புரோமைட்டைப் பேரொட்சைட்டோடை சேர்த்துக் கூட்டோணும், புரோமீன் கரையிலை இருக்கிற காபனுக்குப் போகும், பிறகு நீர் சோடியம் ஐதரொட்சைட்டு. பேரொட்சைட்டு விளைவு ஐதரசன் புரோமைட்டுக்கு மட்டும்தான். ஐதரசன் குளோரைட்டுக்கு இதை எழுதிப்போட்டு வந்து அழுத பிள்ளையளும் இருக்கினம்.

நீர் சோடியம் ஐதரொட்சைட்டு எண்டா பதிலீடு, அற்ககோல் சேர்ந்த பொற்றாசியம் ஐதரொட்சைட்டு எண்டா நீக்கல். "நீர்", "அற்ககோல் சேர்ந்த" எண்ட சொல்லை எழுதாம விட்டா புள்ளி போகும், தாக்கமே வேறையாப் போகுது எண்டபடியா அது ஞாயமும்தான்.

எதனோலிலையிருந்து புரொப்பனோயிக்கமிலம்?

2 காபன் 3 ஆகுது, அப்ப சயனைட்டு. எதனோல், புரோமோஎதேன், பொற்றாசியம் சயனைட்டோடை புரொப்பேன்நைத்திரைல், அதை ஐதான அமிலத்தோடை சூடாக்கி நீர்ப்பகுப்பு, புரொப்பனோயிக்கமிலம். அதே நைத்திரைலை இலிதியம் அலுமினியம் ஐதரைட்டாலை தாழ்த்தினா 1-புரொப்பைலமீன். புடை ஏலைட்டுக்கு (புரோமைட்டு, குளோரைட்டு மாதிரி) மட்டும் சயனைட்டைப் போடாதேங்கோ, அங்கை பதிலீட்டை விட நீக்கல்தான் நடக்கும்.

எதனோலை மட்டும் வச்சு 4 காபன் உள்ளது செய்யச் சொன்னா எந்த வழியிலை போறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஆகக் கூட நேரம் செலவழிக்கிறனான். தொழிற்பாட்டுக் கூட்டம் எந்தக் காபனிலை இருக்கெண்டு பாருங்கோ, அது வழியைச் சொல்லும்.

2-பியூட்டனோல் எண்டு வைப்பம். ஐதரொட்சில் இருக்கிற காபனைப் பிடியுங்கோ. அதின்ரை ஒரு பக்கத்திலை மெதைல், மற்றப் பக்கத்திலை எதைல். எதைல் பக்கப் பிணைப்பை மனசிலை வெட்டினா ஒரு துண்டு எதனல், மற்றத் துண்டு எதைல் மகனீசியம் புரோமைட்டு. ரெண்டும் 2 காபன், ரெண்டும் எதனோலிலையிருந்து வரும். இப்ப முன்னுக்கு எழுதுங்கோ: ஒரு பங்கு எதனோலுக்குப் பிசிசி போட்டு எதனல். இன்னொரு பங்குக்குப் பொசுபரசு முப்புரோமைட்டு போட்டு புரோமோஎதேன், அதை உலர் ஈதரிலை மகனீசியத்தோடை கிரினாட் ஆக்கிறது. ரெண்டையும் சேர்த்து, பேந்து ஐதான அமிலத்தாலை நீர்ப்பகுப்பு. 4 படி. பியூட்டனோன் வேணுமெண்டா இன்னொரு ஒட்சியேற்றம், 5 படி.

இப்ப 1-பியூட்டனோல் கேட்டா? நேர்ச் சங்கிலி, ஐதரொட்சில் நுனியிலை. மேலை செய்த மாதிரி எதனலையும் எதைல் கிரினாட்டையும் சேர்த்தா நுனிக்கு ஒருக்காலும் வராது, எத்தினை தரம் கீறினாலும் ரெண்டாம் காபனிலைதான் நிக்கும். இது அல்டோல் வழி. எதனோல் எதனலாகும், எதனலுக்கு ஐதான சோடியம் ஐதரொட்சைட்டு போட ரெண்டு மூலக்கூறு சேர்ந்து 3-ஐதரொட்சிபியூட்டனல், சூடாக்க நீர் போய் 2-பியூட்டினல், அதுக்கு நிக்கலோடை ஐதரசன் குடுத்தா இரட்டைப் பிணைப்பும் அல்டிகைட்டும் ரெண்டும் தாழ்ந்து 1-பியூட்டனோல். கவனம், கடைசிப் படியிலை சோடியம் போரோஐதரைட்டு போட்டா அல்டிகைட்டுத்தான் தாழும், இரட்டைப் பிணைப்பு அப்பிடியே இருக்கும்.

இன்னொரு வழி எதைன். எதனோலை எதீனாக்கி, புரோமீன் கூட்டி 1,2-இருபுரோமோஎதேன், அற்ககோல் சேர்ந்த பொற்றாசியம் ஐதரொட்சைட்டோடை எதைன், சோடமைட்டு (சோடியம் அமைட்டு) போட்டு சோடியம் உப்பு, அதோடை புரோமோஎதேன் சேர்த்து 1-பியூட்டைன். இதுக்கு மேர்க்கூரிக் சல்பேற்றும் ஐதான சல்பூரிக்கமிலமும் போட்டா பியூட்டனோன். புரோமோஎதேன் செய்யிற படியையும் சேர்த்து எண்ணிப் பாருங்கோ, சரியா 7.

ஆக பியூட்டனோனுக்கு 5 படியிலையும் போகலாம், 7 படியிலையும் போகலாம். பருத்தித்துறைக்கு நெல்லியடியாலையும் போகலாம் வல்வெட்டித்துறையாலையும் போகலாம், எந்த பஸ் நிக்குதோ அதிலை ஏறோணும். பட்டியலிலை மகனீசியமும் ஈதரும் இருந்தா கிரினாட், சோடமைட்டும் மேர்க்கூரிக் சல்பேற்றும் இருந்தா எதைன். பட்டியல் தாறதே ஒரு உதவி, அதை முதல்லை வாசியுங்கோ.

3-மெதைல்-3-பெந்தனோல் எண்டு ஒண்டு வந்தது, எனக்கு 7 படி தாண்டிட்டுது. எப்பிடிக் குறைக்கிறது?

6 காபன், அப்ப எதனோல் 3 துண்டு. ஐதரொட்சில் இருக்கிற காபனிலை ஒரு மெதைல், ரெண்டு எதைல். பியூட்டனோனுக்கு இன்னொருக்கா எதைல் கிரினாட் போட்டா வரும், முதல்லை சொன்ன 5 படியோடை இது ஆறாவது. சரியான விடைதான்.

ஆனா அந்த ரெண்டு எதைலும் ஒரே மாதிரி எண்டதைக் கவனிச்சீங்களோ? ஒரே காபனிலை ஒரே கூட்டம் ரெண்டு இருந்தா எசுத்தரை நினையுங்கோ. எசுத்தரோடை கிரினாட் ரெண்டு தரம் தாக்கும், முதல் தரம் கீற்றோன் உண்டாகி அதை உடனையே ரெண்டாவது மூலக்கூறு பிடிக்கும். அப்ப எதனோலை அமிலப்படுத்தின பரமங்கனேற்றாலை எதனோயிக்கமிலமாக்கி, செறிந்த சல்பூரிக்கமிலத்தோடை இன்னொரு பங்கு எதனோல் சேர்த்துச் சூடாக்கினா எதைல் எதனோவேற்று, கியூட்டெக்ஸ் அழிக்கிற தண்ணியை நினைவுபடுத்துற அந்த வாசம். மற்றப் பக்கம் புரோமோஎதேன், கிரினாட். பிறகு சேர்த்து நீர்ப்பகுப்பு. 5 படி. ஒரு படி மிச்சம். எனக்கு இந்தக் கணக்கு எப்பவும் பிடிக்கும், கட்டமைப்பை ரெண்டு நிமிசம் சும்மா பாத்துக்கொண்டிருந்ததுக்கு அது தாற கூலி இது.

கிரினாட்டிலை எப்பிடியோ புள்ளி போகுது. எங்கை பிழைக்கிறம்?

எனக்கும் போனது. ஏஎல் முன்னோடிப் பரீட்சை ஒண்டிலை ஐதரொட்சில் கூட்டமும் புரோமீனும் ஒரே மூலக்கூறிலை இருக்க அதுக்கு மகனீசியம் போட்டு கிரினாட் எண்டு எழுதிப்போட்டு வந்தன், அந்தப் பகுதி முழுக்கப் போச்சுது. அண்டைக்கு வீட்டை வந்து ஏன் பிழையெண்டு விளங்குமட்டும் இருந்து பாத்தன்.

கிரினாட்டிலை காபன் மகனீசியத்தோடை இருக்கேக்கை அந்தக் காபன் வலுவான மூலம் (அமிலத்துக்கு எதிரானது, புரோத்தனைப் பிடிக்கிறது) மாதிரி. அமில ஐதரசன் எங்கை கண்டாலும் காபனைலை (காபன்-ஒட்சிசன் இரட்டைப் பிணைப்பை) தேடிப் போகாது, முதல்லை அந்த ஐதரசனைத்தான் பிடுங்கும். நீர், அற்ககோல், காபொட்சிலிக்கமிலம், அமீன், நுனி அற்கைன், எல்லாத்தோடையும் இதுதான் நடக்கும். எதைல் மகனீசியம் புரோமைட்டுக்கு நீர் பட்டா எதேன் வாயு போயிடும், உங்களிட்டை ஒண்டும் மிஞ்சாது. அதாலைதான் "உலர்" ஈதர் எண்ட சொல் அவ்வளவு முக்கியம், அதாலைதான் நீரை கடைசியிலை தனியா எழுதோணும். கிரினாட்டையும் எதனலையும் ஐதான அமிலத்தையும் ஒரே அம்புக்குறிக்கு மேலை ஒண்டாப் போட்டா எல்லாத்தையும் ஒரே குடுவைக்குள்ளை ஊத்தின மாதிரி அர்த்தம். ஒண்டு, ரெண்டு எண்டு இலக்கம் போட்டு எழுதுங்கோ.

விக்டர் கிரினாட் எண்ட பிரான்ஸ் நாட்டுக்காரர் இதுக்கு 1912இலை நோபல் பரிசு எடுத்தவர். நூறு வருசத்துக்கு மேலை போயும் காபனோடை காபனை ஒட்ட இதைவிட லேசான வழி எங்கடை பாடத்திட்டத்துக்குள்ளை இல்லை.

எ, பி, சி எண்டு பேர் போட்டு ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்லுற கேள்விக்கும் இதே முறையோ?

அதுக்கு நிறம், கலங்கல் எல்லாம் துப்பு. ஒரு உதாரணம். எ எண்டது 4 காபன், 10 ஐதரசன், 1 ஒட்சிசன் உள்ள அற்ககோல். உலர் நாகக் குளோரைட்டும் செறிந்த ஐதரோகுளோரிக்கமிலமும் சேர்ந்த லூக்காசு சோதனைப்பொருளோடை கொஞ்ச நிமிசத்திலை கலங்குது. ஒட்சியேத்த வாற பி, பிரடியின் சோதனைப்பொருளோடை செம்மஞ்சள் வீழ்படிவு தருது, தொலனின் சோதனைப்பொருளோடை வெள்ளியாடி இல்லை, அதாவது பி கீற்றோன், அல்டிகைட்டு இல்லை.

அந்தச் சூத்திரத்துக்கு அற்ககோல் 4 கட்டமைப்புத்தான். உடனை கலங்கினா புடை, கொஞ்சம் பொறுத்துக் கலங்கினா வழி, அறை வெப்பநிலையிலை கலங்காட்டி முதல். 4இலை வழி அற்ககோல் ஒண்டுதான், அப்ப எ 2-பியூட்டனோல், பி பியூட்டனோன். எ ஐ நீரகற்றினா 1-பியூட்டீனும் 2-பியூட்டீனும் வரும், கூட வாறது 2-பியூட்டீன், அதுக்கும் ஒருபக்க, மறுபக்க வடிவம் எண்டு ரெண்டு இருக்கு. எ க்கு ஒளியியற் சமபகுதியமும் (கண்ணாடி விம்பம் மாதிரி ரெண்டு வடிவம்) உண்டு. இந்த ஒரு மூலக்கூறை வச்சே கேள்வி கேக்கிறவை எத்தினை பகுதி கேக்கலாமெண்டு பாருங்கோ.

இருகுரோமேற்று செம்மஞ்சளிலையிருந்து பச்சையாகும், பரமங்கனேற்று ஊதா போய் நிறமற்றதாகும். மது குடிச்ச சாரதியளைப் பிடிக்க முந்தி ஊதச் சொன்ன குழாய்க்குள்ளையும் நடந்தது இதே இருகுரோமேற்று நிறமாற்றம்தான்.

பீனோலுக்கும் இதெல்லாம் செய்யலாமோ?

இல்லை. பென்சீன் வளையத்தோடை ஒட்டின ஐதரொட்சில் பொசுபரசு முப்புரோமைட்டுக்கோ ஐதரோபுரோமிக்கமிலத்துக்கோ கழண்டு போகாது, நீரகற்றி அற்கீனும் வராது. ஒட்சிசனின்ரை தனிச்சோடி வளையத்துக்குள்ளை இழுபட்டு அந்தப் பிணைப்பு பலப்பட்டுப் போச்சு. பீனோலை வேறை ஆளா நினையுங்கோ.

தமிழிலை படிச்சிட்டு கம்பசுக்குப் போனா கஸ்டப்படுவமோ?

ஒரு மாசம் பேருகள் புதுசா இருக்கும், அவ்வளவுதான். கருநாட்டப் பதிலீடு எண்ட சொல் எனக்கு விளங்கின மாதிரி அதின்ரை ஆங்கிலச் சொல் விளங்கேல்லை, கருவை நாடிப் போகுது எண்டு சொல்லே சொல்லித் தருது. மானிப்பாயிலை சாமுவேல் கிறீன் எண்ட அமெரிக்க வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலையே தமிழிலை மருத்துவம் படிப்பிச்சவர், அவரின்ரை முயற்சியாலை இரசாயனமும் தமிழிலை புத்தகமா வந்தது. கம்பசிலை எனக்குக் கை குடுத்தது அம்புக்குறி ஏன் அந்தப் பக்கம் போகுதெண்டு தெரிஞ்சதுதான்.

ஒரு நாளைக்கு எத்தினை மாற்றல் செய்யோணும்?

மூண்டு போதும், ஆனா ஒவ்வொண்டையும் ரெண்டு வழியிலை செய்யுங்கோ. விடையைப் பாக்க முதல் உங்கடை ஒவ்வொரு படியிலையும் காபனை எண்ணி, சோதனைப்பொருளோடை நிலைமையும் எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ. நாளைக்குச் செய்ய ஒண்டு தாறன்: 2-புரொப்பனோலை மட்டும் சேதனப் பொருளா வச்சு 2,3-இருமெதைல்-2-பியூட்டனோல். 6 காபன், ரெண்டு துண்டு, ஒரு துண்டு கீற்றோன். வெட்டவேண்டிய பிணைப்பை நீங்களே பிடியுங்கோ, 4 படிக்குள்ளை வரும்.